கழுத்து திரும்பும் திசை

ஆந்தைக்குத்தான் கழுத்து அதிகம் திரும்பும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். அதை எழுதியவர் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைப் பக்கம் போனதில்லை போலிருக்கிறது. போயிருந்தால் ஆந்தையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, நான் இப்போது உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகும் இனத்தை முதலிடத்தில் வைத்திருப்பார்.

இந்த இனத்துக்குக் கழுத்துத்திருப்பி என்று பெயர். பெயர் நான் வைத்ததல்ல. அப்படிப்பட்ட கடை ஒன்றின் இரண்டாவது கவுன்டரில் உட்கார்ந்து, செத்துப்போன கருவிகளின் வயிற்றிலிருந்து உயிருள்ள தகவல்களை வெளியே எடுக்கும் பெண் இன்ஜினியர் ஒருவர் வைத்தது. யார் சொன்னது எது என்பதில் நான் கறாரானவன். எழுபது கடந்த கிழவன். பிறர் எழுதிய பதிவேடுகளைச் சரிபார்த்தே பிழைப்பு நடத்தியவன். கூட்டிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும் என் தொழிலுக்கு ஆகாதவை.

கழுத்துத்திருப்பியை எப்படி அடையாளம் காண்பது? முகத்தைப் பார்த்தால் முடியாது. முகம் சாந்தமாக இருக்கும். பேச்சைக் கேட்டாலும் முடியாது. பேச்சில் தேன் வடியும். பெண்களைப் பற்றி ஒரு தரக்குறைவான சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பெண் கல்வியைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியவர். தன் மகள் பெரிய கம்பெனி ஒன்றில் சர்வர் பிரிவில் வேலை பார்ப்பதை லிப்டில் வருகிறவரிடமெல்லாம், அவர் இறங்கவேண்டிய மாடி தாண்டிய பிறகும் சொல்லிக்கொண்டு வருபவர். அத்தனையும் உண்மை. வாய் எப்போதோ திருந்திவிட்டது. கழுத்துக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு பெண் அவரிடம் ஒரு தகவலைச் சொல்லவேண்டும். அப்போதுதான் அது நடக்கும். அவர் முழுக்கக் கேட்பார். குறுக்கே பேசமாட்டார். “சரிம்மா” என்பார். “நல்லா விளக்கமாச் சொன்னீங்கம்மா” என்பார். அந்த ‘ம்மா’ காற்றில் கரைவதற்குள் கழுத்து மெல்ல, எண்ணெய் போட்ட கதவுபோல, சத்தமில்லாமல் திரும்பும். எங்கே? அருகில் எந்த ஆண் நிற்கிறாரோ அங்கே. அவர் யார், என்ன வேலை, விஷயம் தெரிந்தவரா, காது கேட்கிறவரா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அந்தத் தலை ஒருமுறை மேலும் கீழும் அசைந்தால் போதும். சொன்ன தகவல் அந்தக் கணத்தில்தான் உண்மையாகிறது.

மருத்துவமனையில் பாருங்கள். டாக்டரம்மா அரைமணி நேரம் சோதித்து, மருந்து எழுதி, எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். வெளியே வந்து, சக்கர நாற்காலி தள்ளுகிறவரிடம் சீட்டை நீட்டி, “இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா சார்?” என்று கேட்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? காரில் பாருங்கள். வழிகாட்டும் கருவி பெண் குரலில், “இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்” என்கிறது. அந்தக் குரல் வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்கிறது. நம்மவர் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, நடைபாதையில் நிற்கிற ஒருவரிடம், “இடது பக்கம்தானே சார் போகணும்?” என்று கேட்கிறார். அந்த ஆள் ஊருக்குப் புதிது. வழி தெரியாமல்தான் அங்கே நிற்கிறார். இருந்தாலும் கேட்டவர் மனம் நோகக்கூடாதென்று தலையை ஆட்டிவைக்கிறார். நம்மவர் திருப்தியோடு இடப்பக்கம் திரும்புகிறார்.

தொலைபேசியில் மட்டும் இந்த இனத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. கழுத்தைத் திருப்பினால் சொந்த வீட்டுச் சுவர்தான் தெரியும். ஆகவே அங்கே கழுத்துக்குப் பதிலாக ஏணி.

“நெட் வேலை செய்யல, கொஞ்சம் உங்க சார்கிட்ட குடும்மா.”

“இந்தப் பிரிவுக்கு நான்தான் சார்.”

“அது சரிம்மா. உங்களுக்கு மேல?”

“மேலயும் மேடம்தான் சார்.”

“அவங்களுக்கும் மேல?”

இப்படிப் படிப்படியாக ஏறிப்போய், எந்தப் படியிலாவது ஒரு மீசை தட்டுப்படும்வரை அவர் ஓயமாட்டார். தட்டுப்பட்ட மீசையும் முதல் பெண் சொன்னதையே, அந்தப் பெண் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து, வாசித்துக் காட்டும். “பாத்தியா, ஆள் சொன்னதும் சரியாயிடுச்சு” என்று நம்மவர் மனைவியிடம் சொல்வார்.

பொதுவாகச் சொன்னது போதும். இனி குறிப்பாக ஒருவரைப் பார்ப்போம்.

இவர் மனைவி வீட்டின் பின்னறையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்கிறார். பள்ளிச் சீருடைக்கு முத்திரை, கம்பெனிச் சட்டைக்குச் சின்னம், படுக்கை விரிப்புக்கு இலைக்கொடி, பூங்கொத்து என்று எல்லாவற்றையும் அவரே திரையில் வரைந்து, எந்த நூல் எந்தத் தையலில் எங்கே போகவேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் இயந்திரம் தைத்துத் தள்ளும். பத்து வருட வேலை அது. எல்லாம் உள்ளங்கையளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தது. நம்மவர் இதை, “அவளோட கொஞ்சம் படங்க” என்று குறிப்பிடுவது வழக்கம். வீட்டுக் கடனில் பாதியைக் கட்டியது அந்தக் கொஞ்சம் படங்கள்தான்.

ஒருநாள் அந்த ஹார்ட் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாள் உடனே வயரைப் பிடுங்கினார். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம். ஒரு பெரிய பள்ளியின் முத்திரை அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் அந்த ஆர்டரும் போகும், அடுத்த வருட ஆர்டரும் போகும்.

“நானே கடைக்குக் கொண்டு போறேன்” என்றார்.

“உனக்கு எதுக்கு அலைச்சல்? இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். நான் பாத்துக்கறேன்” என்றார் கணவர். அன்பினால்தான் சொன்னார். இந்த இனத்தைப் பற்றி எழுதுவதில் உள்ள கஷ்டமே அதுதான்; எல்லாம் அன்பினால்தான்.

கடையில் முதல் கவுன்டரில் பில் போடும் பெண். இரண்டாவது கவுன்டரில் நான் சொன்ன இன்ஜினியர். மூன்றாவதில் போன் பழுதுபார்க்கும் பெண், அன்று விடுப்பு. நடுவில் ஏணி. ஏணியின் உச்சியில் ஒரு தம்பி, தலையும் தோளும் கூரைக்குள் மறைய, ஏசி சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். கையில் திருப்புளி.

இன்ஜினியர் ஹார்ட் டிஸ்கைக் காதருகே வைத்து லேசாக அசைத்துப் பார்த்தார். சத்தம் எப்போது ஆரம்பித்தது, கீழே விழுந்ததா, எத்தனை தடவை ஆன் செய்தீர்கள் என்று விசாரித்தார். பிறகு சொன்னார்:

“இதுக்குள்ள ஒரு தட்டு சுத்தும் சார். அதைப் படிக்கிற முனை இறங்கித் தட்டை உரசுது. கரண்ட் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்துல இருக்கிறது போனது போனதுதான். இனிமே இதை எதுலயும் சொருகாதீங்க. இங்கயே விட்டுட்டுப் போங்க. முனையை மாத்தி, ஒரே தடவை ஓட்டி, எடுக்க முடிஞ்சதை எடுத்துடறேன்.”

“சரிம்மா. ரொம்ப விளக்கமாச் சொன்னீங்கம்மா.”

கழுத்து திரும்பியது. இடப்பக்கம் யாருமில்லை. வலப்பக்கம் பில் போடும் பெண். பின்னால் கண்ணாடிக் கதவு. கழுத்து தவித்தது. பிறகு, ஆந்தைக்கும் கைவராத ஒரு வித்தையாக, செங்குத்தாக மேலே போனது.

“சார், கொஞ்சம் இதைப் பாருங்களேன்.”

கூரைக்குள்ளிருந்து முகம் வெளியே வந்தது. “என்னையா சார்? நான் ஏசிக்கு வந்தவன்.”

“தெரியுது சார். இருந்தாலும் மெஷின்ல கை வைக்கிறவரு. இது டிக் டிக்குனு சத்தம் போடுது.”

“எனக்கு அது தெரியாது சார். அந்த மேடத்தைக் கேளுங்க.”

எவ்வளவு அடக்கம் என்று நம்மவர் உருகிப்போனார். விஷயம் தெரிந்தவன் அலட்டிக்கொள்ள மாட்டான் என்பது அவர் கண்ட அனுபவ உண்மை. “சும்மா பொதுவாச் சொல்லுங்க சார்.”

ஏணித் தம்பி யோசித்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை. “பொதுவான்னா, எந்த மெஷினா இருந்தாலும் ஒரு தடவை ஆப் பண்ணி ஆன் பண்ணிப் பாப்போம் சார்.”

“அதான். அதான் நானும் நினைச்சேன்.”

“சார், அது ஏசிக்கு” என்றார் இன்ஜினியர். “இதுக்கு அப்படிப் பண்ணக்கூடாது. இப்பதானே சொன்னேன்.”

“பயப்படாதேம்மா” என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, ஹார்ட் டிஸ்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நம்மவர் வெளியேறினார். கண்ணாடிக் கதவருகே நின்று, ஏணியை நோக்கி ஒரு கும்பிடு வேறு.

இனி வீட்டில் நடந்தது. மனைவி பின்னறையிலிருந்து வருவதற்குள் நம்மவர் ஹார்ட் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டார். டிக், டிக். பிறகு ‘கர்’ என்று ஒரு சத்தம், கல்லில் தகரத்தை இழுத்ததுபோல. அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்த அம்மாள் மறுபடியும் வயரைப் பிடுங்கினார்.

“கடையில என்ன சொன்னாங்க?”

“ஒரு பொண்ணு இருந்தது. நல்ல பொண்ணுதான், கொஞ்சம் பயந்த சுபாவம். சொருகவே கூடாதுன்னுச்சு. அப்புறம் பெரிய ஆள்கிட்ட கேட்டேன். அவரு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாக்கச் சொன்னாரு.”

“யாரு பெரிய ஆளு?”

நம்மவர் பொய் சொல்லத் தெரியாதவர். “ஏணியில இருந்தாரு.”

அந்த அம்மாள் கணவரை ஒருமுறை பார்த்தார். ஹார்ட் டிஸ்கை எடுத்து, கைக்குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் மடியில் வைத்துக்கொண்டு, மகளுக்குப் போன் போட்டுக் கணவரிடம் கொடுத்தார். சர்வர் பிரிவில் வேலை பார்க்கிற அதே மகள். லிப்டில் வருகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த மகள்.

மகள் கேட்டார். கேட்டுவிட்டு, கவுன்டர் பெண் சொன்னதையே, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் சொன்னார். “அப்பா, தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க. அந்தப் பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு சரி. அவங்ககிட்டயே கொண்டு போய்க் கொடுங்க.”

“சரிடா கண்ணு.” சுவரைப் பார்த்தார். சுவர் தலையாட்டவில்லை. “மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா?”

மாப்பிள்ளை பல் டாக்டர்.

“மாமா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது” என்றார் அவர். பின்னணியில் மகள் எதையோ ‘டொக்’ என்று மேசைமேல் வைக்கிற சத்தம். “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். கடையிலேயே கொடுத்துடுங்க.”

நம்மவர் போனை வைத்தார். முகத்தில் தெளிவு பிறந்திருந்தது. “கிளம்பு, கடைக்குப் போகலாம். மாப்பிள்ளையே சொல்லிட்டாரு.”

இதைப் படிக்கிற பெண்கள் இந்நேரம் நான்கு ஆண்களையாவது மனதுக்குள் பெயர் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கழுத்துக்கும் கதை வருகிறது.

மறுபடியும் அதே கடை. ஏணி போய்விட்டது. ஏசி ஜில்லென்று ஓடியது. அந்த வேலையை அந்தத் தம்பி ஒழுங்காகத்தான் செய்திருந்தார். கடையில் நம்மவரைத் தவிர ஆண் வாடையே இல்லை. முதல் தடவையாக அவருக்குக் கழுத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த விலைப்பட்டியலை மும்முரமாகப் படித்தார்.

அந்த அம்மாள் ஹார்ட் டிஸ்கைக் கவுன்டரில் வைத்தார். இடையில் ஒரு தடவை ஆன் செய்துவிட்டதையும், ‘கர்’ என்ற சத்தத்தையும் மறைக்காமல் சொன்னார். இன்ஜினியரின் முகம் வாடியது. எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

“கீறல் விழுந்திருக்கு. இருந்தாலும் பார்க்கலாம். ஆனா ஒண்ணு. ஓட்ட ஆரம்பிச்சா எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது. அதனால எது ரொம்ப முக்கியமோ அதைத்தான் முதல்ல எடுக்கணும்.” இதைச் சொல்லி முடித்த இன்ஜினியர், தொடர்ந்து கேட்டார்: “எது முக்கியம் சார்?”

ஆமாம். ‘சார்’ என்றுதான் கேட்டார். பத்து வருட வேலைக்குச் சொந்தக்காரி கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எதிரேயே நிற்கிறார். விலைப்பட்டியல் படித்துக்கொண்டிருந்த மனிதரை நோக்கி இன்ஜினியரின் கழுத்து திரும்பிவிட்டது. எண்ணெய் போட்ட கதவுபோல. சத்தமில்லாமல்.

அதைவிட அதிசயம், நம்மவர் பதிலும் சொன்னார். “முதல்ல சங்கத்து ஆண்டுவிழா போட்டோ. அதுலதான் நான் பேசினது இருக்கு.” பெண் கல்வியைப் பற்றிப் பேசியது.

“அம்மாடி” என்றார் அந்த அம்மாள். குரலை உயர்த்தவில்லை. “அது என்னோடது. என்னைக் கேளு.”

இன்ஜினியர் சட்டென்று திரும்பினார். காதுவரை சிவந்துவிட்டதாம். “மன்னிச்சுக்கோங்க மேடம். சொல்லுங்க.”

“பள்ளிக்கூட முத்திரை முதல்ல. அது ‘சீருடை’னு ஒரு போல்டர்ல இருக்கு. அடுத்தது கம்பெனிச் சின்னங்கள். அதுக்கப்புறம் தாங்கினா, இலைக்கொடி. ஆண்டுவிழா வேண்டாம். நாங்க நேர்லயே கேட்டாச்சு.”

பில் போடும் பெண் குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார்.

பள்ளி முத்திரை முழுசாக வந்தது. கம்பெனிச் சின்னங்கள் வந்தன. இலைக்கொடி ஆரம்பித்துப் பாதியில், ‘கர்’ கீறிய இடம் வந்தது. அதோடு நின்றது. முனையை மாற்றி ஒரு தடவை, விசிறி வைத்துக் குளிரவைத்து ஒரு தடவை என்று இன்ஜினியர் போராடிப் பார்த்தார். மீதி வரவில்லை. அந்த அம்மாள் தொழில் தொடங்கிய காலத்தில், பார்த்துப் பழகின ஒவ்வொரு செடியையும் உட்கார்ந்து வரைந்த கொடிகள் அவை. சீருடைகள் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. கொடிகளை மறுபடி வரைய அவருக்கு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. கணவர் வேளாவேளைக்குக் காபி போட்டுக் கொடுத்தாராம். அதையும் பதிவு செய்யவேண்டும், அது நியாயம்.

இதையும் பதிவு செய்யவேண்டும். சில நாள் கழித்து, சேவை எப்படி இருந்தது என்று கேட்டுக் கடையிலிருந்து போன் வந்தது. நம்மவர் மனம்திறந்து பாராட்டினார். “அந்தப் பொண்ணு ரொம்பப் பொறுமை. ஆனா, உங்க ஏணித் தம்பி இருக்காரே, என்ன அடக்கம், என்ன பணிவு. அவரைக் கவுன்டர்ல உட்கார வைங்க, கடை எங்கயோ போயிடும்.” ஐந்துக்கு ஐந்து கொடுத்தார். யாருக்கு என்று கேட்காதீர்கள்.

ஆக, இனம் பெரியது. நம்மவர் இருக்கிறார். மாப்பிள்ளையைக் கேட்டதும் நிம்மதியடைகிற மாமனார்கள் எல்லாரும் இருக்கிறார்கள். நாள்தோறும் அந்தக் கழுத்துகளைப் பார்த்துச் சலித்து, அவற்றுக்குப் பெயரே சூட்டிய இன்ஜினியரும் ஒரு நொடி அதில் போய்ச் சேர்ந்து திரும்பினார். அவர் அதை மறைக்காமல் என்னிடம் சொன்னார். “பழக்கம் ஐயா. அது மூளைக்குச் சொல்லாமலே வேலை செய்யுது” என்றார்.

நீங்கள்? நீங்கள் அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும். கழுத்துத்திருப்பிகள் எல்லாருமே அப்படியில்லைதான். இருந்தாலும் போவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை.

கடையில் நடந்தது அத்தனையும் அந்த இன்ஜினியர் சொன்னது. வீட்டில் நடந்தது, அந்த அம்மாள் அவரிடம் சொன்னது. ஏணியும், சுவரும், ஆண்டுவிழாவும் அவர்கள் இருவருடையவை. “நீங்களே எழுதலாமே அம்மா” என்று இன்ஜினியரிடம் கேட்டேன்.

“எழுதினேன் ஐயா. படிச்சவங்க எல்லாம், ‘நல்லா இருக்கு, ஆனா கொஞ்சம் மிகைப்படுத்திட்டீங்க’ன்னாங்க. நீங்க எழுதிப் பாருங்களேன்.”

எழுதினேன். கூட்டாமல், குறைக்காமல், அவர் சொன்னபடியே. ஹார்ட் டிஸ்க் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த விஷயத்தில் ஏணித் தம்பி எனக்குக் குரு. ஆனாலும், பதிவேடு பார்த்த கிழவன், கூட்டிச் சொல்லமாட்டான் என்று இரண்டாம் பத்தியில் சொன்னேன் அல்லவா? அங்கே நீங்கள் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தீர்களே, அதற்கப்புறம் வந்த எதையும் சந்தேகிக்கவில்லையே, ஏன்?

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண் சொல்லி முடித்ததும், உங்கள் பக்கம் பார்த்துத் தலையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டினேன்.